பட்டியலில் இருபத்தேழாவது

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அந்த அறிக்கையைப் படித்து முடித்ததிலிருந்து அங்கயற்கண்ணியால் மூன்று சொற்களைச் சொல்ல முடியவில்லை. "கப்பல்ல ஏறாதே அண்ணே." மனசுக்குள் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தாள், அங்கே தடை இல்லை. நாக்குக்குக் கொண்டுவந்தால்தான் வினை. காதுக்குப் பின்னால் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று ஒன்று, உடனே நாக்கு மரத்துப் போகும். பேனாவை எடுத்தால் விரல் மரத்துப் போகும். ஊமை கண்ட கனவு என்பார்களே, அதை அவள் விழித்துக்கொண்டே கண்டாள்.

மதுரை நான்மாடம் யாத்ரா லிமிடெட்டில் அவள் கம்பெனி செக்ரட்டரி. ஒரு காலத்தில் காசிக்கும் கயாவுக்கும் பஸ் விட்டு, கூடவே சமையல்காரரையும் அரிசி மூட்டையையும் ஏற்றி அனுப்பிப் பெயர் வாங்கிய கம்பெனி அது. பிறகு பங்குச் சந்தைக்குப் போனது. இப்போது வானக்கப்பல் விடுகிறது. பஸ் போய்க் கப்பல் வந்தும் அரிசி மூட்டை போகவில்லை. நம்மாட்கள் கயிலாயத்துக்கே போனாலும் பன்னிரண்டு மணிக்கு ரசம் கேட்பார்கள். அந்த ரசத்தை வைப்பவர் அங்கயற்கண்ணியின் அண்ணன் பொன்னுரங்கம், கப்பலின் தலைமைச் சமையற்காரர்.

கல்யாணம் கட்டாமலே நாற்பத்தாறு வயதாகிவிட்ட அவளுக்கு அண்ணன் வீட்டு மாடிதான் வீடு. சாப்பாடு கீழே, மதினி கையால்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு அவள் நேராகச் சேர்மன் அறைக்குப் போனாள். சேர்மன் தியாகராஜனும் அதைப் படித்திருந்தார். காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரே ரகசியத்துக்குப் பூட்டப்பட்டவர்கள், எதிரில் இருப்பவரும் பூட்டப்பட்டவர் என்று தெரிந்திருந்தால், தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளலாம். அதனால் அந்த அறைக்குள் இருவருக்கும் வாய் இருந்தது.

"பன்னெண்டு வாயுப் பையில நாலு பையோட தையல் தாங்காதுன்னு இன்ஸ்பெக்டர் போட்டிருக்கான்," என்றார் தியாகராஜன். "உச்சி வெயில்ல வாயு உப்பும்போது பிரிஞ்சுக்கலாமாம். அஞ்சுல ரெண்டு பங்கு வாய்ப்பு."

"கப்பல் நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குக் கிளம்புது சார். நிறுத்துங்க."

"நிறுத்தணும்னு எனக்குத் தெரியாதாம்மா? இங்க பாரு." போனை எடுத்து ஏறுதள மேலாளரைக் கூப்பிட்டார். "யப்பா பாண்டி, நாளைக்குக் கப்பல்... நாளைக்குக் கப்பலை..." முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. "நல்லாத் துடைச்சு வைங்கப்பா," என்று போனை வைத்துவிட்டார். அறுபத்தெட்டு வயது மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது.

சட்டத்தில் அதற்கு முழ நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. சனங்கள் வைத்த பெயர் வாய்ப்பூட்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கம்பெனியில், கெட்ட செய்தி வெளியாகும் முதல் நாளே பெரிய தலைகளெல்லாம் பங்கை விற்றுவிட்டு நழுவிவிட்டார்கள். மறுநாள் தெருவில் நின்றவர்கள் வாத்தியார்களும் நர்சுகளும். ஊரே கொதித்தது. அதற்குப் பிறகு வந்தது இந்தச் சட்டம். பங்கு விலையைப் பாதிக்கும் ரகசியம் யாருக்குத் தெரிந்தாலும் அரிசி மணி அளவுக்கு ஒரு பூட்டு காதுக்குப் பின்னால் ஏறும். இயக்குநர் குழு கூடி, விஷயத்தைப் பரிசீலித்து, சந்தையின் தளத்தில் அறிவிப்பு ஏறிய நொடியில் தானே திறக்கும். அதுவரைக்கும் சொல்லக் கூடாது, எழுதக் கூடாது, குறிப்பால் காட்டக் கூடாது. முகம் காட்டிக்கொடுத்தாலும் குற்றம் என்பதால் முகத்தையும் பூட்டே பார்த்துக்கொள்ளும். கப்பலை நிறுத்து என்று ஆணையிடுவது கப்பலில் கோளாறு என்று சொல்வதற்குச் சமம். ஆகவே அதுவும் முடியாது.

"இதெல்லாம் விலை சம்பந்தப்பட்ட ரகசியம்னு எவன் சொன்னது?" என்று தியாகராஜன் மேசையைத் தட்டினார். தட்டிய பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

எவன் சொன்னது? அவள்தான் சொன்னாள். எவையெல்லாம் ரகசியம் என்று ஒவ்வொரு கம்பெனியும் தானே பட்டியல் எழுதிக்கொள்ள வேண்டும். சட்டம் கேட்டது ஆறே ஆறு: லாப நஷ்டக் கணக்கு, டிவிடெண்ட், கம்பெனி கைமாறுவது, அந்த மாதிரி. மற்ற கம்பெனிகள் ஆறோடு நிறுத்திக்கொண்டன. அங்கயற்கண்ணி பள்ளிக்கூடத்திலேயே அடிஷனல் ஷீட் வாங்குகிற ரகம். நாளைக்கு எவனும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்று மூன்று மாதம் உட்கார்ந்து இருபத்தேழு இனம் எழுதினாள். கடைசியாக எழுதியது: பயணப் பாதுகாப்பு தொடர்பான எல்லாத் தகவலும். அந்த வருஷம் சிறந்த நிர்வாகத்துக்கான விருது நான்மாடத்துக்குக் கிடைத்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். அவள் அதற்கு மேடையேறி மாலையும் வாங்கிக்கொண்டாள்.

"நான்தான் சார்," என்றாள்.

"விடும்மா. அன்னிக்கு மேடைக்குக் கீழ உக்காந்து நானும்தான் கைதட்டினேன்." அவர் எழுந்தார். "காலையில ஏழு மணிக்குக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்பு. நானும், இயக்குநரா இருக்கற என் தம்பியும் உக்கார முடியாது. அந்தப் பையைத் தச்சது என் மாப்பிள்ளை கம்பெனி. எங்களுக்குச் சொந்த நலன் இருக்கு. மிச்சம் நாலு இயக்குநர்ல மூணு பேர் வந்தா போதும். ஒரு தீர்மானம், ஒரு அறிவிப்பு. எட்டு மணிக்கெல்லாம் வாய் திறந்துரும்."

கேட்க எளிதாகத்தான் இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டை அந்த வீட்டில் ஏழரைக்கே முடித்துவிடுவார்கள்; பயணத்துக்கு முந்தின நாள் அண்ணன் சீக்கிரம் படுக்க வேண்டும். மதினி கோமளம் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பொன்னுரங்கத்தின் காதோரம் ஒரு பிளாஸ்திரி இருந்தது. எண்ணெய் தெறித்துவிட்டது என்று மதினியிடம் சொல்லியிருந்தார். சமையற்காரர் உடம்பில் எண்ணெய் தெறிக்காத இடம் ஏது? அங்கயற்கண்ணி அதைப் பார்த்தும் பார்க்கவில்லை. அவள் கவலை அவளுக்கு.

"அண்ணே," என்று ஆரம்பித்தாள்.

"சொல்லு பாப்பா."

சுருக். "சட்னி இங்கிட்டுத் தள்ளு."

அவர் தள்ளினார். பொய்யாவது சொல்லிப் பார்ப்போம் என்று நினைத்தாள்: நெஞ்சு வலிக்கிறது, நீ போகாமல் கூட இரு. பூட்டுக்குச் சொல் முக்கியமில்லை, எண்ணம்தான் முக்கியம். நெஞ்சு என்று வாயெடுப்பதற்குள் நாக்கு மரத்தது. அழுதாவது காட்டலாம் என்று பார்த்தாள். கண் நிறைந்தது; நிறைந்த வேகத்தில் வற்றி, முகம் இஸ்திரி போட்ட துணியாகிவிட்டது. சொந்த அண்ணன் முன்னால் அழக்கூட உரிமை இல்லாத பிழைப்பு என்ன பிழைப்பு!

"கயலு," என்றார் பொன்னுரங்கம் திடீரென்று. "இந்த டூரு வந்து..." நிறுத்தினார். தோசையைப் பிய்த்தார். "மாவு இன்னைக்கு நல்லாப் பொங்கியிருக்கு."

"உங்களுக்கு இன்னும் ரெண்டு வைக்கவா?" என்றாள் கோமளம். "ரெண்டு பேரும் என்ன, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீக?"

பொன்னுரங்கம் தட்டை நீட்டினார்.

புதன்கிழமை ஏழு மணிக் கூட்டத்துக்கு இரண்டு இயக்குநர்கள் வந்தார்கள். இருவரும் அறிக்கையைப் படித்துப் பூட்டு ஏறியவர்கள். மூன்றாவது ஆள் ஓய்வுபெற்ற நீதிபதி நல்லதம்பி. கண்ணில் புரை எடுக்க அவரை அதிகாலையிலேயே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பதினொரு மணிக்கு மேல்தான் பேச முடியும் என்று அவருடைய மகன் சொன்னான். நாலாவது ஆள் பேராசிரியை பாமா. அவர் சுயேச்சை இயக்குநர். ஏறுதளத்தில் பயணிகளுக்கு மாலை போட்டு வழியனுப்பும் வேலையில் இருந்தார்; போனை எடுக்கவில்லை. அங்கயற்கண்ணி ஒன்பது தடவை அடித்தாள். கூட்டம் பத்து மணிக்குத் தள்ளிப்போனது.

அந்தப் பயணிகள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்மாடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷாந்திரப் பொதுக்கூட்டத்துக்குப் பங்குதாரர்கள் வேட்டி சேலை கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வருவார்கள். ஆண்டறிக்கையைப் புரட்டுவதைவிட லட்டு டப்பாவை எண்ணுவதில் கவனமாக இருப்பார்கள். கூட்டம் முடிந்ததும் குடத்தில் சீட்டுப் போட்டு நூற்றெண்பது பேரை எடுத்து இலவசமாகக் கயிலாயம் அனுப்புவார்கள். அதற்குப் பெயர் பங்குதாரர் யாத்திரை. நூறு பங்கு, ஐம்பது பங்கு வைத்திருக்கும் வாத்தியார்கள், நர்சுகள், தபால்காரர்கள். எவரைக் காப்பாற்ற இந்த வாய்ப்பூட்டு வந்ததோ, சாட்சாத் அவர்களே.

ஒன்பது மணிக்குக் கப்பல் எழும்பியது. அலுவலகச் சன்னலிலிருந்து அங்கயற்கண்ணி பார்த்தாள். வெள்ளையாக, பெரிதாக, சத்தமே இல்லாமல் வைகைக்கு மேலே போனது. பக்கத்துச் சன்னலில் டைப்பிஸ்ட் பெண்கள் கைகாட்டினார்கள். அவளும் கை காட்டினாள். அதற்குத் தடை இல்லை.

பத்து மணிக்குப் பேராசிரியை பாமா திரையில் வந்தார். வழியனுப்பப் போனவர் தானும் ஏறிவிட்டிருந்தார்; பின்னால் கப்பலின் கூடம், ஆட்கள், யாரோ தேவாரம் பாடும் குரல். அவரைப் பார்த்ததும் அங்கயற்கண்ணிக்கு உயிர் வந்தது. மூன்றாவது ஆள்! நிகழ்ச்சி நிரலை அவருக்குத் திறக்கப் போனாள். இயந்திரம் திறக்கவில்லை. இந்த இயக்குநருக்கு இப்பொருளில் சொந்த நலன் உண்டு, இவரைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று எழுதிக் காட்டியது.

"சொந்த நலனா? எனக்கா?" பாமா சிரித்தார். "என்கிட்ட ஒரு பங்குகூடக் கிடையாதே கயல். அதுதானே சுயேச்சை இயக்குநருக்கு அழகு. என்ன விஷயம்னு சொல்லுங்க, சரியான்னு பார்ப்போம்."

என்ன நலன் என்று அவளுக்குத் தெரியும். அந்த அம்மாள் கப்பலில் இருக்கிறார். கப்பல் இறங்கினால் அவர் உயிர் பிழைப்பார். தன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் தானே ஓட்டுப் போடுவது முறையாகுமா? இந்த விதியையும் எழுதியவள் அவள்தான். பதினாலாம் பக்கம்.

"சொல்ல முடியலை மேடம்," என்றாள். அது மட்டும் வந்தது.

"பரவாயில்லை, அப்புறம் பார்த்துக்கலாம். இங்க உங்க அண்ணன் சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தார் பாருங்க, அமிர்தம்! இருங்க, சார் ஒருத்தர் உங்ககிட்டப் பேசணுமாம்."

வழுக்கைத் தலை ஒன்று திரைக்குள் நுழைந்தது. ஆவுடையப்பன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் மைக்கைப் பிடித்தால் கேள்வி கேட்காமல் விடமாட்டார். "செக்ரட்டரியம்மா, வணக்கம். இந்த வருஷ அறிக்கையை அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் படிச்சேன். ஒரு தப்புக் கண்டுபிடிக்க முடியலை. நீங்க இருக்கீகங்கற தைரியத்துலதான் நாங்க நிம்மதியாத் தூங்குறோம்."

அவள் முகம் புன்னகைத்தது. பூட்டு புன்னகைக்க வைத்தது.

பத்தரை. பத்தே முக்கால். மற்ற இரண்டு இயக்குநர்களும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். வெளி வராந்தாவில் தியாகராஜன் நடந்துகொண்டிருந்தார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. எல்லாருக்கும் கப்பலை நிறுத்தத்தான் ஆசை. கெட்டவன் ஒருவனாவது இருந்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம்.

பதினொன்று இருபதுக்கு நீதிபதி நல்லதம்பி ஒற்றைக் கண் கட்டோடு திரையில் வந்தார். பதினொன்று இருபத்தேழுக்குத் தீர்மானம் நிறைவேறியது: கப்பலை உடனே இறக்குக. அவள் அறிவிப்பைச் சந்தையின் தளத்துக்கு அனுப்பினாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே. அறிவிப்பு திரும்பி வந்தது. இதனால் வருவாயில் ஏற்படும் பாதிப்பைச் சதவீதத்தில் குறிப்பிடுக. குறிப்பிட்டாள். மறுபடியும் திரும்பியது. எழுத்திலும் குறிப்பிடுக.

சந்தை அதிகாரி ஒருவர் போனில் கிடைத்தார். "மேடம், நீங்க போட்டதை மிஷின் படிச்சு முடிக்கணும். அவசரம்னா என்ன அவசரம்னு சொல்லுங்க, நான் முன்னாடி தள்ளிவிடறேன்."

என்ன அவசரம் என்று அவரிடம் சொல்ல அவளால் முடியவில்லை. "அவசரம் சார்," என்றே நாலு தடவை சொன்னாள்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்றார் அவர், கோபமில்லாமல்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஏற்கப்பட்டது என்று திரையில் பச்சையாக வந்தது. காதுக்குப் பின்னால் இறுக்கம் தளர்ந்தது. அவள் அண்ணனுக்கு அடித்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அண்ணே! கப்பலை இறக்கச் சொல்லு! பைத் தையல் பிரியப் போகுது! உச்சி வெயிலுக்கு முன்னாடி இறக்கணும்ணே, தையல் தாங்காது!" ஒரு ராத்திரியும் அரைப் பகலும் தேங்கிக் கிடந்த சொற்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன.

"தெரியும் பாப்பா."

"அறிவிப்பு பாத்துட்டியா?"

"திங்கக்கிழமையே தெரியும். நான் கப்பலோட சரக்குக் கிட்டங்கியில அரிசி மூட்டை அடுக்கிக்கிட்டிருந்தேன். மேல தையலை இழுத்துப் பாத்த இன்ஸ்பெக்டர், இது தாங்காதுய்யான்னு சத்தமாவே சொல்லிப்புட்டாரு. என் காதுல விழுந்துருச்சு. காதுல விழுந்தவனையெல்லாம் பூட்டணும்னு ஒரு மணி நேரத்துல கூட்டிட்டுப் போயி அந்த மணியை வச்சுவிட்டாக. எண்ணெய் தெறிச்சதுன்னேன்ல, அதான்."

அவளுக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பூட்டியவர்கள் பதிவேடு அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆனால் செக்ரட்டரியின் உறவினர் பெயர் இருந்தால் அந்த வரி அவள் கண்ணுக்குத் தெரியாது. சலுகை காட்டிவிடக் கூடாதல்லவா? அதுவும் அவளே எழுதி வைத்தது.

"நேத்து ராத்திரி..." என்றாள்.

"எம்புட்டோ பாத்தேன். நாளைக்கு நம்ம ஆபீசு மேல எல்லாரும் பழி போடுவாக, நீ லீவு போட்டுட்டுத் திருச்செந்தூர் போயிருன்னு சொல்லப் பாத்தேன். மாவு பொங்கியிருக்குன்னுதான் வருது." அவர் சிரித்தார். "உனக்கும் தெரியும்னு எனக்குத் தெரியாதுல்ல. எதுத்தாப்புலதான் உக்காந்திருந்தோம்."

"தெரிஞ்சும் ஏன் ஏறினே? ஏன்ணே ஏறினே?"

"வராம நின்னா அதுவும் குறிப்புக் காட்டுறதாம், காலு நகரலை. அப்படியே நின்னாலும் எனக்குப் பதிலா சீனிச்சாமி ஏறுவான். அவனுக்குக் கல்யாணமாகி நாலு மாசம். என்ன சொல்லி அவனை ஏத்திவிடச் சொல்றே? விடு. கேப்டனுக்கும் தெரியும், அவருக்கும் இப்பத்தான் வாய் திறந்துச்சு. கப்பலை இறக்கிக்கிட்டுத்தான் இருக்காரு. கீழ தர்மபுரிப் பக்கம் காடா தெரியுது. இன்னும் இருபது நிமிசத்துல..."

போனுக்குள் ஒரு சத்தம் கேட்டது. ஜவுளிக்கடையில் துணியைச் சரக்கென்று கிழிப்பார்களே, அந்தச் சத்தம். ஆனால் அது முடியவில்லை. நீண்டுகொண்டே போனது. பிறகு இன்னொன்று. ஆட்கள் கூச்சலிட்டார்கள்.

"இரு பாப்பா, அடுப்பை அணைச்சிட்டு வந்துர்றேன்," என்றார் பொன்னுரங்கம்.

பாத்திரங்கள் உருண்டன. யாரோ சிவசிவா என்றார்கள், பலர் சேர்ந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு போனில் ஒன்றும் இல்லை. திரும்ப அடித்தாள். ஒன்றும் இல்லை. பத்து நிமிஷம் விடாமல் அடித்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு கோமளம் உள்ளே வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி மாடிப்படியை ஓடியே ஏறியிருப்பாள் போல. மூச்சு வாங்கியது, முந்தானையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

"என்ன கயலு, டி.வி.யில என்னமோ ஓடுது? கப்பல்ல கோளாறாம், இறக்கப் போறாகளாமே. உங்க அண்ணன் பேசினாகளா? நல்லா இருக்காகல்ல?"

அங்கயற்கண்ணி எழுந்தாள். மதினியைக் கட்டிக்கொண்டு கதற வேண்டும் என்று வாயைத் திறந்தாள். காதுக்குப் பின்னால் சுருக்கென்றது. மேசைமேல் திரையில் புது வரி ஒன்று ஏறியிருந்தது: வெளியிடப்படாத தகவல், இனம் இருபத்தேழு, பயணப் பாதுகாப்பு. அறிந்தவர் எண்ணிக்கை ஒன்று. இயக்குநர் குழுவின் பரிசீலனைக்கு.

அவள் முகம் அடங்கியது. ஒரு சுருக்கம் இல்லாமல், ஈரம் இல்லாமல், நல்ல சேதி கேட்ட முகம் மாதிரி ஆனது. கோமளம் அதை ஏறிட்டுப் பார்த்தாள். முப்பது வருஷமாகத் தனக்கு ஒளிக்காமல் இருந்த முகம் அது.

"அப்பாடி," என்று நாற்காலியில் சாய்ந்தாள். "பேசிட்டாக போல. வழி நெடுக மீனாச்சியை வேண்டிக்கிட்டே வந்தேன். ஒரு வாய் தண்ணி குடு தாயி."

கை அதற்கு மட்டும் அசைந்தது. அங்கயற்கண்ணி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.